விஸ்டாவுக்கு வேஷம் கட்டிய மொஹாவே

வாடிக்கையாளரின் மனதை மாற்றிவிட்டால் சரக்கு தானாக விற்கும் என்று மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது

2008 ஜூலை மாதம். சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓர் அறை. மேஜையில் ஹெச்.பி. லேப்டாப் திறந்திருக்கிறது. கண்ணில் படாத இடங்களில் கேமராக்கள். உள்ளே வருகிறவர்கள் வீட்டில் விண்டோஸ் எக்ஸ்.பி.யோ ஆப்பிள் கம்ப்யூட்டரோ வைத்திருப்பவர்கள். விண்டோஸ் விஸ்டாவை அவர்கள் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றி நாலு பேர் சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறார்கள். “விஸ்டாவுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?” என்று முதலில் கேட்கிறார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு போட்ட மார்க்கின் சராசரி 4.4.

“சரி, அதை விடுங்கள். மைக்ரோசாஃப்ட் அடுத்து கொண்டுவரப்போகிற விண்டோஸ் இது. இன்னும் வெளியே வரவில்லை. பெயர் மொஹாவே.” இப்படிச் சொல்லிவிட்டு, நன்றாகப் பழகிய ஒருவர் அந்த லேப்டாப்பை இயக்கிக் காட்டுகிறார். ஜன்னல்கள் கண்ணாடி போல மின்னித் திறக்கின்றன, தேடியது சட்டென்று வந்து நிற்கிறது. பார்ப்பவர்களின் புருவம் உயர்கிறது. இதற்கு எத்தனை மார்க்? சராசரி 8.5.

அதற்குப் பிறகுதான் குட்டு உடைகிறது. மொஹாவே என்று ஒன்றும் கிடையாது. நீங்கள் இவ்வளவு நேரம் ரசித்தது விஸ்டாதான். திகைப்பு, சிரிப்பு, அசட்டுத்தனம் எல்லாவற்றையும் கேமரா பிடித்துக்கொண்டது. அந்தக் காட்சிகள் விளம்பரங்களாக ஓடின.

விளம்பரம் என்ற அளவில் கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் மைக்ரோசாஃப்ட் அதை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, நிரூபணமாகவே எடுத்துக்கொண்டது. பொருளில் கோளாறு இல்லை, பொருளைப் பற்றிய பேச்சில்தான் கோளாறு. பேச்சை மாற்றினால் விற்பனை ஏறும். உலகத்தின் மிகப் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி இந்த முடிவை நம்பிப் பணத்தைக் கொட்டியது.

இந்தப் பழைய கதையைத் தூசி தட்ட இப்போது ஒரு காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. “என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறுமா, இல்லை புதுசு வாங்கித்தான் ஆக வேண்டுமா?” என்று கம்ப்யூட்டர் கடைகளில் கேட்காதவர் குறைவு. விஸ்டா காலத்தில் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதேதான்.

### அறையில் இல்லாத கம்ப்யூட்டர்

மொஹாவே சோதனையில் யாரும் பொய் சொல்லவில்லை. போட்ட மார்க் உண்மை, முகத்தில் தெரிந்த வியப்பும் உண்மை. அந்த மார்க் எதற்குப் போடப்பட்டது என்பதில்தான் சறுக்கல். 4.4 என்பது கேள்விப்பட்டதற்குப் போட்ட மார்க். 8.5 என்பது கண்ணால் பார்த்ததற்குப் போட்ட மார்க். பயன்படுத்திப் பார்த்ததற்கு யாரும் மார்க் போடவே இல்லை.

விஸ்டாவைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் புகார்கள் எவை? பழைய பிரின்டர் வேலை செய்யவில்லை, ஸ்கேனருக்கு டிரைவர் (அதை இயக்கும் சாஃப்ட்வேர்) கிடைக்கவில்லை, எக்ஸ்.பி.யில் ஓடிய அதே கம்ப்யூட்டர் விஸ்டாவில் தவழ்கிறது, எதைத் தொட்டாலும் “அனுமதிக்கிறீர்களா?” என்று பெட்டி வந்து நிற்கிறது. இவற்றில் ஒன்றாவது அந்த அறைக்குள் வருவதற்கு வழியில்லை. பிரின்டர் இல்லை. லேப்டாப் கம்பெனி தேர்ந்தெடுத்தது, 2 ஜிபி ராம் போட்டது. எல்லாம் முன்கூட்டியே நிறுவித் தயாராக இருந்தது. கீபோர்டும் விளக்கம் சொல்கிறவர் கையில். ஜவுளிக்கடைக்காரர் தன் தோளில் மடித்துப் போட்டுக் காட்டும்போது எந்தப் புடவையும் அழகுதான், சாயம் போகுமா என்பது முதல் தண்ணீரில்தானே தெரியும்?

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்த அறையில் விண்டோஸ் எக்ஸ்.பி. இல்லை.

வந்தவர்களில் பலர் வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது. 2001 அக்டோபரில் வந்து, பழகி, கைவசப்பட்டு, ஏற்கெனவே காசு கொடுத்து முடித்த ஒன்று. விஸ்டாவின் போட்டியாளர் ஆப்பிள் அல்ல, லினக்ஸும் அல்ல. வீட்டு மேஜையில் சும்மா ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்.பி.தான். “விஸ்டா நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடலாம். “இருப்பதை விட்டுவிட்டு, 129 டாலர் கொடுத்து, ஒரு சனிக்கிழமையைப் பலி கொடுத்து இதற்கு மாறுவீர்களா?” என்பது வேறு கேள்வி. அதை யாரும் கேட்கவில்லை. வாங்காமல் இருப்பதும் வாடிக்கையாளர் எடுக்கும் ஒரு முடிவு என்பதை விற்பனைத் திட்டங்கள் போடுகிறவர்கள் ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

கம்பெனியின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. 2008 ஜூலைக்குள் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக் வந்துவிட்டது. டிரைவர்கள் பெரும்பாலும் தயாராகிவிட்டன, கம்ப்யூட்டர்களின் வேகமும் கூடியிருந்தது. 2007-ல் கிளம்பிய வசை 2008-ன் விஸ்டாவுக்கு முழுக்கப் பொருந்தாது. அந்த அளவில் “பேச்சுதான் பிரச்சினை” என்பதில் பாதி உண்மை இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது? அதற்கும் காரணம் இன்னொரு விற்பனைத் திட்டம்தான்.

### கிறிஸ்துமஸுக்கு வராத விண்டோஸ்

எக்ஸ்.பி.க்கு அடுத்த விண்டோஸுக்கு உள்ளே வைத்திருந்த பெயர் லாங்ஹார்ன். ஆசைகளை மேல் மேலாக அடுக்கிக்கொண்டே போய், தாங்காமல், 2004-ல் செய்த வேலையில் பெரும்பகுதியை ஓரம் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கினார்கள். 2006 மார்ச்சில் இன்னொரு குண்டு. வீட்டு உபயோகத்துக்கான விஸ்டா அந்த வருடப் பண்டிகைக் காலத்துக்கு வராது, 2007 ஜனவரியில்தான் வரும்.

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வியாபாரத்துக்கு நவம்பரும் டிசம்பரும்தான் நம் ஊர் தீபாவளி சீசன். புது விண்டோஸ் ஜனவரியில் வருகிறது என்றால் டிசம்பரில் யார் வாங்குவார்கள்? பொறுத்திருந்து வாங்கலாம் என்று நினைத்துவிட்டால் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு நஷ்டம், இன்டெலுக்கு நஷ்டம், மைக்ரோசாஃப்ட்டுக்கும் நஷ்டம். பயம் நியாயமானது. அதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் ஸ்டிக்கர். 2006 ஏப்ரலிலிருந்து எக்ஸ்.பி.யோடு விற்ற கம்ப்யூட்டர்களில் ‘விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்’ என்று ஒட்டினார்கள். இப்போதே வாங்குங்கள், விஸ்டா வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்று பொருள்.

இங்கேதான் இடித்தது. அந்த ஆண்டு சந்தையில் இருந்த விலை குறைந்த கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இன்டெலின் 915 சிப்செட் இருந்தது. விஸ்டாவின் அடையாளமே ‘ஏரோ’ என்ற அந்தக் கண்ணாடித் தோற்றம்தான். அதற்குத் தேவையான புது வகை கிராபிக்ஸ் டிரைவர் 915-ல் ஓடாது. அந்த டிரைவர் இருந்தால்தான் ஸ்டிக்கர் என்று முதலில் விதி வைத்திருந்தார்கள். 2006 தொடக்கத்தில் விதியைத் தளர்த்தினார்கள். ஏரோ ஓடாத கம்ப்யூட்டருக்கும் ஸ்டிக்கர் கிடைத்தது.

> ஒரே லோகோ, இரண்டு தகுதி
>
> ‘விஸ்டா கேப்பபிள்’: 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 512 எம்பி ராம், டைரக்ட்எக்ஸ் 9 வகை கிராபிக்ஸ். விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பு ஓடும். கண்ணாடித் தோற்றத்துக்கு உத்தரவாதம் இல்லை.
>
> ‘பிரீமியம் ரெடி’: 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசர், 1 ஜிபி ராம், 128 எம்பி கிராபிக்ஸ் நினைவகம், புது வகை டிரைவர். டிவி விளம்பரத்தில் காட்டிய விஸ்டா இதில்தான் ஓடும்.
>
> விஸ்டா வந்த நாள்: நிறுவனங்களுக்கு 2006 நவம்பர் 30, பொதுமக்களுக்கு 2007 ஜனவரி 30.
>
> விளம்பர வாசகம்: ‘வாவ் இப்போது தொடங்குகிறது.’

ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கியவர் ‘கேப்பபிள்’, ‘ரெடி’ என்பவற்றுக்கு இடையே இருந்த பள்ளத்தை எப்படி அறிவார்? விஸ்டா ஓடும் என்று ஒட்டியிருக்கிறது, வாங்கினார். ஜனவரியில் ஏற்றிப் பார்த்தார். டிவியில் காட்டியது வரவில்லை. ஏமாந்தவர் பக்கத்து வீட்டில் சொன்னார். மொஹாவே அறைக்கு வந்தவர்கள் “கேள்விப்பட்ட” கதைகளில் இதுவும் ஒன்று. விற்பனையைக் காப்பாற்ற ஒட்டிய ஸ்டிக்கரே விற்பனையைக் கெடுக்கும் பேச்சுக்கு விதை போட்டது.

### நீதிமன்றம் திறந்து வைத்த மின்னஞ்சல்கள்

2007-ல் வாஷிங்டன் மாநிலத்துப் பெண்மணி ஒருவர், ஸ்டிக்கர் ஏமாற்று என்று சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். மற்ற வாங்குபவர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தும் கூட்டு வழக்காக அதை 2008 பிப்ரவரியில் நீதிபதி மார்ஷா பெக்மன் ஏற்றார். அதையொட்டி மைக்ரோசாஃப்ட்டின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. கம்பெனிகள் தமக்குள் பேசிக்கொள்வதை நாம் கேட்கும் வாய்ப்பு அபூர்வம்.

இன்டெல் 915 சிப்செட் பலகைகளைத் தொடர்ந்து விற்று அந்தக் காலாண்டின் வருமானக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ள உதவத்தான் தகுதியைக் குறைத்தோம் என்று மைக்ரோசாஃப்ட் மேலாளர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த மேலாளருக்கு எங்கள் கணக்கு வழக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்லி இன்டெல் இதை மறுத்தது. பழைய விதியை நம்பி நல்ல கிராபிக்ஸில் பணம் போட்டிருந்த ஹெச்.பி. கொதித்துப்போனது. விதியைப் பின்பற்றியவனுக்கு நஷ்டம், பின்பற்றாதவனுக்கும் அதே ஸ்டிக்கர் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? இன்றைய தகுதியின்படி எந்தக் குப்பையும் தேறிவிடும் என்று இன்னொரு ஊழியர் எழுதினார்.

எல்லாவற்றையும்விட மைக் நாஷின் கடிதம்தான் சுவையானது. விண்டோஸ் பிரிவின் துணைத் தலைவர்களில் ஒருவர் அவர். லோகோவை நம்பிச் சொந்தக் காசில் சோனி லேப்டாப் வாங்கினார். அதில் 915 சிப்செட். ஏரோ ஓடவில்லை, அவருக்குப் பிடித்த வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரும் ஓடவில்லை. நானே சூடு பட்டேன், 2,100 டாலருக்கு மின்னஞ்சல் பார்க்கும் மெஷின் ஒன்று என்னிடம் இருக்கிறது என்று எழுதினார். அன்றைய மதிப்பில் 90,000 ரூபாய்க்கு மேல். ஸ்டிக்கர் ஒட்டிய கம்பெனியின் துணைத் தலைவருக்கே அதைப் படிக்கத் தெரியவில்லை என்றால் கடைக்கு வந்த கல்லூரி மாணவர் என்ன செய்வார்?

இயக்குநர் குழுவில் இருந்த ஜான் ஷெர்லியின் கதை வேறு மாதிரி. ஒரு கம்ப்யூட்டரில் விஸ்டா போட்டார். வீட்டிலிருந்த பிரின்டர், ஸ்கேனர்களுக்கு டிரைவர் இல்லை. அடுத்த கம்ப்யூட்டருக்குப் போடவில்லை. டிரைவர்கள் ஏன் இல்லை என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உயர் அதிகாரி ஸ்டீவன் சினோஃப்ஸ்கி 2007 பிப்ரவரியில் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மருக்கு எழுதிய விளக்கம் இரக்கமில்லாதது. விஸ்டா உண்மையிலேயே வெளிவரும் என்று யாரும் நம்பவில்லை, அதனால் 2006 கடைசி வரை வேலையையே தொடங்கவில்லை என்றார். பல முறை தள்ளிப் போட்டவன் தேதி சொன்னால் அவனைச் சேர்ந்தவர்கள்கூட நம்ப மாட்டார்கள்.

டிரைவர் இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2007-ல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களால் வந்தவை, 17.9 சதவீதம் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கோளாறு என்று அதே ஆவணங்களில் இருந்த ஓர் அட்டவணை காட்டியது.

வழக்கு என்ன ஆயிற்று? வாங்கியவர்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய, ஆனால் பிரீமியம் தகுதி இல்லாத கம்ப்யூட்டர்களின் லைசென்ஸ் மூலம் மைக்ரோசாஃப்ட் சுமார் 150 கோடி டாலர் பெற்றது என்று வழக்குப் போட்டவர்களின் நிபுணர் மதிப்பிட்டார். ஆனால் ஸ்டிக்கரால்தான் எல்லோரும் கூடுதல் விலை கொடுத்தார்கள் என்பதைப் பொதுவாக நிரூபிக்க முடியவில்லை. 2009 பிப்ரவரியில் கூட்டு வழக்கு என்ற தகுதி பறிபோனது. இனி அவரவர் தனித்தனியே வழக்காடிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. ஒரு லேப்டாப்புக்காக மைக்ரோசாஃப்ட் மீது தனியாக வழக்குப் போட யாருக்குக் கட்டுப்படியாகும்?

### விற்ற கணக்கு, ஓடிய கணக்கு

இவ்வளவுக்கும் நடுவில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எண்கள் பிரமாதமாக இருந்தன. முதல் மாதத்தில் 2 கோடி லைசென்ஸ். 2008 ஜனவரிக்குள் 10 கோடி. ஜூலைக்குள் 18 கோடி. இப்படி விற்கிற பொருளுக்கு மொஹாவே நாடகம் எதற்கு?

விடை எண்ணும் முறையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிக்கு லைசென்ஸ் விற்றதும் கணக்கில் ஏறிவிடும். அந்தக் கம்ப்யூட்டரில் கடைசியில் எது ஓடுகிறது என்பது அந்தக் கணக்கில் வராது. உயர்ந்த பதிப்பு விஸ்டா வாங்கியவர் சட்டப்படியே எக்ஸ்.பி.க்கு இறங்கிக்கொள்ள உரிமை இருந்தது. பல நிறுவனங்கள் அதைத்தான் செய்தன. புது லேப்டாப்பில் ஸ்டிக்கர் விஸ்டா, திறந்தால் எக்ஸ்.பி. விற்பனை ஏட்டில் மட்டும் விஸ்டாவுக்கு ஒரு கோடு.

கடைத்தெரு உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 2007 ஏப்ரலில், விஸ்டா வந்து மூன்றே மாதத்தில், வாடிக்கையாளர் நச்சரிப்புத் தாங்காமல் டெல் நிறுவனம் எக்ஸ்.பி.யை மறுபடி விற்க ஆரம்பித்தது. 2008 ஜனவரியோடு எக்ஸ்.பி. விற்பனையை முடிப்பதாக இருந்த மைக்ரோசாஃப்ட், ஜூன் 30 வரை நீட்டியது. எக்ஸ்.பி.யை நிறுத்தாதீர்கள் என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை தொடங்கிய மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். பழைய சரக்கை விற்கச் சொல்லி ஜனங்கள் மனுப் போடுவதை எந்த வியாபாரத்திலாவது பார்த்திருக்கிறோமா?

ஆப்பிளும் சும்மா இருக்கவில்லை. கோட்டுப் போட்ட மந்தமான ஆசாமியாக விண்டோஸையும், துறுதுறு இளைஞனாக மேக்கையும் காட்டும் விளம்பரங்களை 2006-லிருந்து ஓட்டிக்கொண்டிருந்தது. பதிலுக்கு மைக்ரோசாஃப்ட் 2008-ல் 30 கோடி டாலர் அளவில் ஒரு பிரசாரத்தில் இறங்கியது. நகைச்சுவை நடிகர் ஜெர்ரி சைன்ஃபெல்டும் பில் கேட்ஸும் செருப்புக்கடையில் பேசிக்கொள்ளும் விளம்பரம் வந்தது. எதற்காகப் பேசுகிறார்கள் என்பது பார்த்தவர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அக்டோபரில் ஆப்பிள் ஒரு விளம்பரம் விட்டது. விண்டோஸ் ஆசாமி பணத்தைக் கட்டுக் கட்டாக இரண்டு குவியலாகப் பிரிக்கிறார். மலை போன்ற குவியல் விளம்பரத்துக்கு, சின்னக் குவியல் விஸ்டாவைச் சரிசெய்ய. நியாயமான கிண்டல் அல்ல. மைக்ரோசாஃப்ட் விஸ்டாவைச் சரிசெய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்?

> ‘அனுமதிக்கிறீர்களா?’
>
> விஸ்டாவில் அதிகம் திட்டு வாங்கியது, எந்த மாற்றத்துக்கும் அனுமதி கேட்கும் பெட்டி. 2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்.எஸ்.ஏ. பாதுகாப்பு மாநாட்டில் மைக்ரோசாஃப்ட் மேலாளர் ஒருவர், பயனர்களை எரிச்சல்படுத்தத்தான் அதை வைத்தோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். எரிச்சல்பட்ட பயனர் சாஃப்ட்வேர் எழுதியவரைத் திட்டுவார், அவர் தன் சாஃப்ட்வேரைத் திருத்துவார் என்பது கணக்கு. பயனர்களோ மைக்ரோசாஃப்ட்டைத் திட்டினார்கள். பலர் படிக்காமலே ‘சரி’யை அழுத்தப் பழகிக்கொண்டார்கள்.

### ஏழு அங்குலத் திரை தந்த அடி

2007 அக்டோபரில் தைவானின் அசுஸ் நிறுவனம் ‘ஈ பிசி’ என்ற குட்டி லேப்டாப்பை இறக்கியது. ஏழு அங்குலத் திரை, குறைந்த விலை, உள்ளே லினக்ஸ். அதில் விஸ்டாவை நினைத்தும் பார்க்க முடியாது. நெட்புக் என்று பெயர் பெற்ற இந்த வகை மளமளவென்று விற்றபோது மைக்ரோசாஃப்ட்டுக்கு இரண்டே வழி. லினக்ஸுக்கு அந்தச் சந்தையை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது சாகடிக்க நினைத்த எக்ஸ்.பி.க்கு உயிர் கொடுக்க வேண்டும். 2008 ஏப்ரலில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. குட்டி லேப்டாப்களுக்கு மட்டும் எக்ஸ்.பி. தொடரும் என்று அறிவித்தது. விஸ்டாவை விற்க வேண்டிய கம்பெனியே அதன் போட்டியாளருக்குச் சந்தை பிடித்துக் கொடுத்தது.

எக்ஸ்.பி.யின் ஆயுள் அத்தோடு முடியவில்லை. அதற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8-ம் தேதிதான் நிறுத்தினார்கள். 2017-ல் வானாக்ரை வைரஸ் உலகை உலுக்கியபோது, மூடிய கணக்கைத் திறந்து எக்ஸ்.பி.க்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் ஏடிஎம்களில் எக்ஸ்.பி. ஓடிக்கொண்டிருந்ததால், 2019 ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களையும் மாற்றி முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் வங்கிகளுக்குக் கெடு விதித்தது. விஸ்டாவுக்குப் போகாமல் எக்ஸ்.பி.யிலேயே நின்றுவிட்டவர்களின் வால் அவ்வளவு நீளம்.

2009 அக்டோபர் 22-ல் விண்டோஸ் 7 வந்தது, நன்றாக விற்றது. உள்ளே அதே விஸ்டா அடித்தளம்தான். விஸ்டாவின் உள் பதிப்பு எண் 6.0, விண்டோஸ் 7-ன் எண் 6.1. வேறுபாடு எங்கே என்றால், இடைப்பட்ட மூன்று ஆண்டில் டிரைவர்கள் வந்துவிட்டன, ராம் மலிவாகிவிட்டது, அனுமதிப் பெட்டி அடங்கிவிட்டது. தவிர, 2009 ஜனவரியிலேயே சோதனைப் பதிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில், அவரவர் பிரின்டரோடு ஓட்டிப் பார்த்தார்கள்.

2013-ல் ஓய்வை அறிவித்த பால்மர், தன் பதவிக்காலத்தில் அதிகம் வருந்துவது லாங்ஹார்ன், விஸ்டா விஷயத்துக்குத்தான் என்றார். கம்பெனியின் திறமைசாலிகள் பல ஆண்டுகள் அதில் கட்டுண்டு கிடந்தார்கள், போன் போன்ற புதிய இடங்களுக்கு அவர்களை அனுப்ப முடியவில்லை என்பது அவர் ஆற்றாமை. விஸ்டா கடைக்கு வருவதற்கு மூன்று வாரம் முன்னால், 2007 ஜனவரி 9-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை மேடையில் காட்டியிருந்தார். ஸ்டிக்கர் வழக்கில் பேசப்பட்ட எந்தத் தொகையும் இந்த இழப்புக்கு உறை போடக் காணாது.

### இந்த முறை என்ன கணக்கு?

விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் எதிர்த்திசையில் போனது. விஸ்டாவில் தகுதியைத் தளர்த்திக் கெட்ட பெயர் வாங்கியது. 2021-ல் தகுதியை இறுக்கியது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசருக்குக் கீழே கூடாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கம்ப்யூட்டர்கள் வாசலிலேயே நின்றுவிட்டன.

பாதுகாப்புக் காரணம் பொய்யில்லை. ஆனால் இன்னொரு காரணத்தையும் மறைக்கவில்லை. விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு 11 இலவசம், அதில் வருமானம் கிடையாது. புதுக் கம்ப்யூட்டர் விற்றால்தான் புது லைசென்ஸ் விற்கும். 2025 ஜனவரியில் கம்பெனியின் உயர் அதிகாரியே, இது கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கும் ஆண்டு என்று அறிவித்தார். அக்டோபரில் ஆதரவு முடிகிறது, ஆகவே ஜனங்கள் புதுசு வாங்குவார்கள். இதிலும் அதே வரி விட்டுப்போயிருக்கிறது. வாங்காமல் பழையதோடே இருந்துவிட்டால்?

கெடு நெருங்க நெருங்கக் கம்பெனி இறங்கி வந்தது. தனிநபர்கள் 30 டாலர் கட்டினால் இன்னும் ஓர் ஆண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாகச் சொன்னது. 2025 ஜூனில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கம்ப்யூட்டர் அமைப்புகளை பேக்கப் செய்துகொண்டால் காசு வேண்டாம் என்றது. பிறகு ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு அந்த நிபந்தனையையும் தளர்த்தியது.

தமிழ்நாட்டில் இது பலரைத் தொடும். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் தரப்பட்ட மெஷின்கள் எவையும் விண்டோஸ் 11-ன் பட்டியலில் வராது. ஏழெட்டு ஆண்டுக்கு முன் இஎம்ஐ போட்டு வாங்கிய லேப்டாப்களில் பலவும் அப்படித்தான். புதுசு வாங்கு என்று கடைக்காரர் சொல்லும் முன், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் கம்ப்யூட்டர்கள் உண்டு, செட்டிங்கில் மாற்றினால் தேறிவிடும். தேறாதவற்றுக்கு நீட்டிப்புக் காலம் 2026 அக்டோபர் 13 வரை. நெட் பேங்கிங்கும் கடை ஜிஎஸ்டி கணக்கும் ஓடுகிற கம்ப்யூட்டர் என்றால் அந்தத் தேதியைத் தாண்டி அப்படியே விட்டுவைப்பது ஆபத்து. கடிதம் தட்டவும் பாட்டுக் கேட்கவும் பிள்ளைகள் பாடம் பார்க்கவும்தான் என்றால் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஆரம்பகால அரசு லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பும் சேர்ந்தேதான் வந்தது. அதற்கு லைசென்ஸ் காசு கிடையாது.